540-ஆ, 1080-ஆ, 2160-ஆ? பழைய ட்ராக்டரின் வேகக் கணக்கு

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த குடும்பம் எங்களுடையது. நான் இப்போது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு சிறு பண்ணை ஒன்று வாங்கினேன். அங்கே கொட்டிலுக்குள் கிடந்த ஜான் டியர் மாடல் ஏ ட்ராக்டரும் பண்ணையோடு சேர்ந்து வந்தது. 1944இல் செய்தது. பற்றரி கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. ஃப்ளைவீலைக் கையால் பிடித்துச் சுண்டித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். மக்னீட்டோ நல்ல நிலையில் இருக்கிறது.

கையேட்டில் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 975 சுற்று என்று போட்டிருக்கிறது. கவர்னர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நினைத்து மூன்று கருவிகளை முயன்றேன். முதலில் காருக்குப் பூட்டும் டாக்கோமீட்டர். அதன் சிக்னல் வயரை மக்னீட்டோவிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் வயரில் கொடுத்தேன். எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. அடுத்து பிளக் வயரில் கவ்வும் டிஜிட்டல் மீட்டர். ‘2 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக்’ என்று வைத்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து பார்த்தேன். 540 காட்டியது. ‘அது பி.டி.ஓ. வேகம்’ என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். மூன்றாவது லேசர் மீட்டர். ஃப்ளைவீலில் பளபளப்பு டேப் ஒட்டிப் பார்த்தால் 1080 என்கிறது, திடீரென்று 2160 என்கிறது. எதை நம்புவது? 1080 சரியென்றால் எஞ்சின் அளவுக்கு மீறி ஓடுகிறதா? நிரந்தரமாக ஒரு மீட்டர் பூட்ட வழி உண்டா?

பதில்: உங்கள் எஞ்சின் 1080 சுற்றில்தான் ஓடியிருக்கிறது. கவ்வும் மீட்டரும் அதைத்தான் சொன்னது, பாதியாக்கிச் சொன்னது. லேசரும் அதைத்தான் சொன்னது, இடையிடையே இரட்டிப்பாக்கியது. முதல் கருவிக்கு மட்டும் வாய் திறக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1080 என்பது கோளாறும் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் ஏன் நின்றது என்று பார்ப்போம். பழைய காரில் பேட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் போகிறது. பாயின்ட் திறக்கும்போதெல்லாம் அந்த ஓட்டம் அறுந்து பிளக்கில் பொறி அடிக்கிறது. காயிலின் மைனஸ் முனையில் எத்தனை தடவை அப்படி அறுந்தது என்று எண்ணுவதுதான் கார் டாக்கோமீட்டரின் வேலை. மக்னீட்டோவில் பேட்டரிக்கே இடமில்லை. உள்ளே காந்தம் சுழல்கிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது உச்சத்துக்கு வரும் நேரத்தில் பாயின்ட் திறக்கிறது, மேல்சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட் 1902இல் உருவாக்கிய உயர் அழுத்த மக்னீட்டோவின் அடிப்படை இதுதான். மின்சாரத்தை உண்டாக்குவதும் அதை வெட்டுவதும் உயர்த்துவதும் பிளக்குகளுக்குப் பங்கிடுவதும் ஒரே பெட்டிக்குள் நடந்துவிடும்.

அந்தப் பெட்டியிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் ஒற்றை வயர் எஞ்சினை நிறுத்துவதற்காக மட்டுமே இருக்கிறது. காரில் ஸ்விட்சைப் போட்டால் மின்சாரம் வரும். மக்னீட்டோவில் ஸ்விட்ச் உள்சுருளை பாடியோடு சேர்த்து எர்த் பண்ணிப் பொறியைக் கொல்லும். வேலை நேர் எதிர். உங்கள் மீட்டரின் உள்தடை குறைவாக இருந்ததால், அதை அந்த வயரில் இணைத்ததும் ஸ்விட்சை அணைத்ததற்குச் சமமாகிவிட்டது. எஞ்சின் நின்றதோடு போனது உங்கள் அதிர்ஷ்டம். பாயின்ட் திறக்கும் கணத்தில் அந்த வயரில் இருநூறு முந்நூறு வோல்ட் வரை குதிக்கும். 12 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்த மீட்டர் அதில் கருகிப்போகலாம். அதைக் காரில் பூட்டி ஒருமுறை சோதித்துவிட்டு வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மீட்டருக்குக் கரன்ட் வேண்டும் என்று ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, அதன் ப்ளஸ் முனையை அந்த மக்னீட்டோ வயரில் தொட்டுவிட்டால், மூடியிருக்கும் பாயின்ட் வழியாகவும் சுருள் வழியாகவும் கட்டுக்கடங்காத மின்சாரம் பாயும். பாயின்ட் கருகும், காயில் வேகும், காந்தம் வலுவிழக்கவும் கூடும். மக்னீட்டோ உள்ள ட்ராக்டருக்கு யாராவது பின்னால் பேட்டரி விளக்கு போட்டு, வயர்களைக் குழப்பி வைத்திருப்பது சகஜம். ஸ்விட்ச் வயர் வேறெதோடும் சேராமல் தனியாக வருகிறதா என்று கொட்டிலுக்குப் போனதும் பாருங்கள்.

அடுத்தது அந்த 540. பக்கத்துப் பண்ணைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பின்பக்கத்தில் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு 540 என்பது உலகம் முழுக்கப் பழகிப்போன எண். அதைப் பார்த்ததும் யாருக்கும் பி.டி.ஓ.தான் நினைவுக்கு வரும். பிளக் வயரைக் கவ்விய மீட்டருக்குப் பி.டி.ஓ. எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்? எண் ஒன்றாக வந்தது தற்செயல்.

நடந்தது இதுதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 1080 சுற்று என்றால் ஒரு பிளக் வயரில் 540 பொறி. நீங்கள் எஞ்சினுக்கு உள்ளபடியே ‘2 சிலிண்டர்’ என்று சொல்லி வைத்தீர்கள். இரண்டு சிலிண்டரின் பொறியும் தன் கண்ணில் படும், ஆகவே சுற்றுக்கு ஒரு பொறி என்று மீட்டர் கணக்குப் போட்டது. நீங்கள் மாட்டியதோ ஒரே வயரில். எனவே கவ்வும் மீட்டரில் வைக்க வேண்டியது எஞ்சினில் எத்தனை சிலிண்டர் என்பதை அல்ல, கவ்வி பார்க்கும் வயரில் எத்தனை சுற்றுக்கு ஒரு பொறி வருகிறது என்பதை. உங்களுக்கு அது இரண்டு சுற்றுக்கு ஒன்று. சில மீட்டர்களில் இது ‘1 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக்’ என்று இருக்கும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புல்வெட்டி எஞ்சின்களில் காந்தம் ஃப்ளைவீலிலேயே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பொறி அடிக்கும். எக்ஸாஸ்ட் நேரத்தில் அடிப்பது வீண்பொறி. புல்வெட்டியை மனத்தில் வைத்துச் செய்த மீட்டரில் ‘1 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக்’ என்றாலும் சுற்றுக்கு ஒரு பொறி என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே பெட்டியில் அச்சடித்ததை நம்பாமல், ஒருமுறை வேறு வழியில் அளந்து ஒப்பிட்டுவிட்டு நம்புங்கள்.

இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் தீர்ந்தது என்று தோன்றும். உங்கள் ஜான் டியரில் அது உதவாது. இதன் கிராங்க்கில் இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக, 180 டிகிரியில் இருக்கின்றன. அதனால் முதல் சிலிண்டர் வெடித்து அரைச் சுற்றில் இரண்டாவது வெடிக்கும். பிறகு ஒன்றரைச் சுற்றுக்கு மௌனம். பொப்-பொப் என்று இரண்டு, ஓர் இடைவெளி, மறுபடி பொப்-பொப். அமெரிக்காவில் இந்த ட்ராக்டருக்கு ‘ஜானி பாப்பர்’ என்று பட்டப்பெயர் வந்தது இந்தச் சத்தத்தால்தான். காதுக்கு இனிமை, மீட்டருக்குத் தலைவலி. 1080 சுற்றில் ஓடும்போது இரண்டு பொறிக்கு நடுவே ஒருமுறை சுமார் 28 மில்லிவினாடி, அடுத்த முறை சுமார் 83. ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியே கணக்கிடும் மீட்டர் ஒருகணம் 2160 என்றும் மறுகணம் 720 என்றும் காட்டும். சராசரி எடுக்கும் மீட்டர் சரியாகக் காட்டிவிடும். உங்களுடையது எந்த வகை என்று ஆராய்வதைவிட, இப்போது வைத்திருக்கும் அமைப்பிலேயே ஒற்றை வயரில் மாட்டி இரண்டால் பெருக்குவது மேல்.

இன்னொரு தொல்லை. மக்னீட்டோவுக்குச் செப்புக் கம்பி உள்ள பிளக் வயர்தான் பொருத்தம். அதோடு ரெசிஸ்டர் இல்லாத பழைய பிளக்கும் சேர்ந்தால், சுற்றுவட்டாரத்து ரேடியோவெல்லாம் கரகரக்கும் அளவுக்கு மின்காந்த இரைச்சல் கிளம்பும். மலிவான டிஜிட்டல் கருவிகள் அதில் மிரண்டு கண்டபடி எண்களைக் கொட்டும். மீட்டரின் உடம்பைப் பிளக் வயரிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளிப் பிடியுங்கள்.

இப்போது லேசர். இந்த ட்ராக்டரைப் பொறுத்தவரை நான் சிபாரிசு செய்வது இதைத்தான். காரில் கிராங்க்கின் முனையைத் தேடிப் படுத்துப் பார்க்க வேண்டும். ஜான் டியர்காரர்கள் கிராங்க்கை ட்ராக்டருக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, இடப்பக்க முனையில் ஃப்ளைவீலையும் வலப்பக்க முனையில் கிளட்சோடு சேர்த்து பெல்ட் புல்லியையும் வெட்டவெளியில் பூட்டிவிட்டார்கள். நடுவில் கியர் இல்லை, விகிதம் இல்லை. ஃப்ளைவீல் ஒரு சுற்றென்றால் எஞ்சின் ஒரு சுற்று. கிளட்ச் பிடித்திருந்தால் புல்லியும் அதே வேகம். சுழலும் தண்டே கண்முன்னால் இருக்கும்போது பொறியிடம் போய்ச் சாட்சி கேட்பானேன்?

உங்கள் லேசர் 2160க்குத் தாவியதற்குக் காரணம் இரண்டாவது மினுக்கம். எண்பது வருடமாகக் கைபட்டுக் கைபட்டு விளிம்பில் ஓர் இடம் பளபளத்திருக்கும். அல்லது ஒரு போல்ட்டின் தலை. டேப்பும் அதுவுமாகச் சுற்றுக்கு இரண்டு மினுக்கம். அந்தக் கனத்த ஃப்ளைவீல் ஒரு நொடியில் வேகத்தை இரட்டிப்பாக்கவே முடியாது. சரியாக இரண்டு மடங்கு என்று ஓர் எண் தாவினால் கருவி இரண்டைப் பார்க்கிறது என்றுதான் பொருள். டேப் ஒட்டிய வட்டம் முழுவதிலும் மங்கலான கறுப்பு பெயின்ட் ஒரு பட்டையாக அடியுங்கள். மேட் கறுப்பு டேப் சுற்றினாலும் சரி. அதன்மேல் பளபளப்பு டேப் ஒரே ஒரு துண்டு. வெயில் நேராக விழாமல் ட்ராக்டரை நிழலில் நிறுத்துங்கள். லேசரைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். வெறும் உலோகத்தின் மினுக்கம் வேறு பக்கம் போய்விடும், டேப்பின் மினுக்கம் மட்டும் வந்த வழியே திரும்பும். இதைச் செய்யும்போது தளர்ந்த சட்டைக்கையும் கழுத்து மஃப்ளரும் வேண்டாம். அந்த ஃப்ளைவீலுக்கு உறை கிடையாது.

லேசரை ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் சட்டைப் பையிலேயே ஒரு கருவி இருக்கிறது. இப்போதைய செல்போன்கள் பலவற்றில் வினாடிக்கு 240 ஃப்ரேம் வேகத்தில் ஸ்லோமோஷன் எடுக்கலாம். டேப் உள்ள ஃப்ளைவீலை நாலைந்து வினாடி எடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்கும் ஆப்பில் போட்டு, டேப் மேலே இருக்கும் ஃப்ரேமிலிருந்து பத்தாவது சுற்று முடிந்து திரும்ப மேலே வரும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். 1,44,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடச் சுற்று. உங்கள் எஞ்சினுக்கு 133 ஃப்ரேம் வரும். வகுத்தால் ஏறக்குறைய 1083. ஒரு ஃப்ரேம் தவறி எண்ணினாலும் எட்டுச் சுற்றுதான் பிசகும். காசும் இல்லை, எஞ்சினைத் தொடவும் வேண்டாம். சில போன்கள் வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஒரு கடிகாரத்தின் வினாடி முள்ளை எடுத்துப் பார்த்து அதைச் சோதித்துக்கொள்ளலாம்.

இதே போனின் மைக்கில் சத்தத்தை வாங்கி வேகம் சொல்லும் ஆப்புகளும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அவை ஓரளவு உருப்படி. உங்கள் பொப்-பொப்புக்கு வேண்டாம். வெடிப்பின் அடிப்படை அதிர்வெண் 1080 சுற்றில் வினாடிக்கு 9தான். போன் மைக்குக்கு அது காதிலேயே விழாது. போதாததற்கு மாடல் ஏ பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மலிவான டிஸ்டில்லேட் எண்ணெய்க்கோ மண்ணெண்ணெய்க்கோ மாறும்படி செய்தது. கிளப்புவதற்கென்றே சிறிய பெட்ரோல் டாங்க் ஒன்று இருக்கும், பாருங்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் துளிப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போதிய சூடு ஏறுமுன் மாற்றினால் ஒரு சிலிண்டர் வெடிக்காமல் தவறும். காதால் எண்ணுகிறவருக்கு அப்போது கணக்குப் பிசகும். பொறியை எண்ணும் மீட்டருக்குப் பிசகாது. எரிபொருள் வெடித்ததோ இல்லையோ பொறி அடித்துவிடுகிறதல்லவா?

இந்தக் கருவியெல்லாம் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்? பெல்ட்டில் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டியவர்களுக்கு வேகம் முக்கியம். உருளை மெதுவாகச் சுற்றினால் மணி உதிராது, வேகமானால் மணி உடையும். பேனா அளவில் ஒரு சுற்றெண்ணி வைத்திருப்பார்கள். அதன் ரப்பர் முனையைத் தண்டின் நடுக்குழியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கடிகாரத்தோடு ஒரு நிமிடம் எண்ணுவார்கள். அமெரிக்காவில் ஸ்டாரெட் நிறுவனம் செய்தவை இன்றும் பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கின்றன. கையில் கிடைத்தால் விடாதீர்கள். சைரோமீட்டர் என்று இன்னொன்று: எஞ்சின்மேல் வைத்து, அதிலிருந்து நீளும் கம்பியை நீட்டிக் குறுக்கினால், ஏதோ ஒரு நீளத்தில் கம்பி எஞ்சினின் அதிர்வோடு இசைந்து விசிறிபோல் ஆடும். அந்த நீளத்துக்கு நேரே வேகம் எழுதியிருக்கும்.

இனி முக்கியமான கேள்வி. கையேடு 975 என்கிறது, எஞ்சின் 1080 ஓடுகிறது, கவர்னர் கெட்டதா?

இல்லை. 975 என்பது முழுச் சுமையில் எஞ்சின் ஓட வேண்டிய வேகம். நீங்கள் அளந்தது சும்மா நின்றுகொண்டிருக்கும்போது. பழைய கவர்னர் என்பது சுழலும் இரண்டு எடைகளும் அவற்றை எதிர்த்து இழுக்கும் ஒரு ஸ்பிரிங்கும்தான். சுமை ஏறி எஞ்சின் சற்றே தளர்ந்தால்தான் எடைகள் உள்ளே ஒடுங்கும். அவை ஒடுங்கினால்தான் த்ராட்டில் திறக்கும். வேகம் கொஞ்சமும் குறையாமல் த்ராட்டிலைத் திறக்க அதற்கு வழியே கிடையாது. அதனால் சுமையில்லாத உச்ச வேகம், சுமையுள்ள வேகத்தைவிடச் சுமார் பத்து சதவீதம் மேலே இருப்பது அந்தக் காலத்து ட்ராக்டர்களில் இயல்பு. 975க்குப் பத்து சதவீதம் கூட்டினால் 1072. உங்களுடையது 1080. இந்த வயதில் இதைவிட நல்ல கவர்னர் வேண்டுமா?

சும்மா நிற்கும்போது 975 காட்ட வேண்டும் என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருப்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு கலப்பையை மாட்டினால் எஞ்சின் 880க்கு இறங்கி முக்கும். ‘பழைய எஞ்சின், பலம் போய்விட்டது’ என்பார்கள். நீங்கள் அதைத் தொடாமல் எழுதிக் கேட்டீர்களே, நல்லது. உறுதி செய்துகொள்ள வேண்டுமானால், பெல்ட்டில் மரம் அறுக்கும் வாளையோ, பி.டி.ஓ.வில் புல்கட்டும் இயந்திரத்தையோ பூட்டி, எஞ்சின் உண்மையிலேயே உழைக்கும்போது லேசரைப் பிடியுங்கள். 975ஐ ஒட்டி நின்றால் சரி. சுமை வந்ததும் தள்ளாடி, ஏறி இறங்கி, நிலைக்கு வர நேரமெடுத்தால் கவர்னரின் இணைப்புகளில் தேய்மானம் பாருங்கள்.

சுமையோடு அளந்த எண்கள் நம்பிக்கையாகக் கிடைக்கும் இடமும் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் விற்கும் ட்ராக்டர்களைப் பல்கலைக்கழகத்தில் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று 1919இல் சட்டம் போட்டார்கள். 1920 முதல் லிங்கன் நகரில் சோதனை தொடங்கியது. இதற்கு முன்னின்றவர் வில்மாட் குரோஸியர் என்ற விவசாயி; சட்டமன்ற உறுப்பினரும்கூட. ‘ஃபோர்டு’ என்ற பெயரைப் பார்த்து அவர் வாங்கிய ட்ராக்டர் படு மோசம். விசாரித்தால், மினியாபோலிஸில் இருந்த அந்தக் கம்பெனிக்கும் ஹென்றி ஃபோர்டுக்கும் சம்பந்தமே கிடையாது! அந்தச் சோதனையில் முதலில் அளக்கப்பட்டது வாட்டர்லூ பாய் மாடல் என். 750 சுற்று எஞ்சின். அதைச் செய்த வாட்டர்லூ கம்பெனியை ஜான் டியர் 1918இலேயே வாங்கியிருந்தது, ஆக உங்கள் மாடல் ஏ-க்கு அது முப்பாட்டன். அந்தக் காலத்து ஒவ்வோர் அறிக்கையிலும் பெல்ட்டில் எத்தனை குதிரைத்திறன், அப்போது கிராங்க்கின் வேகம் எவ்வளவு என்று இருக்கும். பழைய ட்ராக்டர் வைத்திருப்பவர் தன் மாடலுக்குரிய அறிக்கையைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் வந்த மாடலிலும் வேகம் மாறும்: ஜான் டியர் மாடல் பி முதலில் 1150, 1947க்குப் பின் வந்தது 1250. மாடல் டி தொடக்கத்தில் 800, பின்னால் 900.

பி.டி.ஓ. வழியாக எஞ்சின் வேகத்தை அளக்கவும் சிலர் சொல்வார்கள். அளக்கலாம்; கியர் விகிதம் தெரிந்தால். அதைப் புத்தகத்தில் தேடுவதைவிடக் கையால் எண்ணிவிடலாம்: ஃப்ளைவீலிலும் பி.டி.ஓ. தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சிலிண்டர்களின் அழுத்தத்தை வெளியேற்றும் சிறு குழாய்களைத் திறந்துவிட்டு, கிளட்சைப் பிடித்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஃப்ளைவீலை 20 சுற்று மெதுவாகச் சுற்றி, பி.டி.ஓ. தண்டு எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. பேட்டரி இல்லை, சாவி இல்லை, என்ன ஆகிவிடும் என்று மக்னீட்டோ எஞ்சினைக் கையால் சுற்றக் கூடாது. ‘டக்’ என்று சத்தம் கேட்குமே, அந்த இம்பல்ஸ் கப்ளிங் இருப்பதே மெதுவாகச் சுற்றினாலும் ஸ்பிரிங்கை முறுக்கி விட்டுக் கொழுத்த பொறியைக் கொடுக்கத்தான். சிலிண்டரில் மிச்சப் பெட்ரோல் இருந்தால் ஒரே சுற்றில் கிளம்பிவிடும். முதலில் ஸ்விட்சை எர்த் பக்கம் போடுங்கள், பிறகு பிளக் வயர்களைக் கழற்றுங்கள். வரிசை மாறி, எர்த் பண்ணாமல் வயரைக் கழற்றிச் சுற்றினால், வெளியேற வழியில்லாத அந்த மின்னழுத்தம் காயிலின் உள்காப்பைத் துளைத்துவிடலாம்.

நிரந்தர மீட்டருக்கு என் யோசனை மலிவானது: சைக்கிளுக்குப் பூட்டும் டிஜிட்டல் ஸ்பீடோமீட்டர். காந்தம் ஒவ்வொரு முறை சென்சாரைக் கடக்கும்போதும் அது ஒரு சுற்று என்று எண்ணும்; பொறியோடு அதற்கு உறவே இல்லை. சக்கரச் சுற்றளவைக் கேட்கும்போது 833 மில்லிமீட்டர் என்று கொடுங்கள். அப்போது மணிக்கு 54 கிலோமீட்டர் என்று காட்டினால் எஞ்சின் 1080 சுற்று. காட்டும் எண்ணை இருபதால் பெருக்க வேண்டியதுதான். இவ்வளவு சிறிய சுற்றளவை ஏற்கும் மாடலா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

காந்தத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம். ஃப்ளைவீலின் மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 10 கிராம் காந்தத்தை ஒட்டினால், 1080 சுற்றில் அது ஏறக்குறைய 4 கிலோ எடையின் பலத்தோடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பிய்ந்தால் தோட்டாதான். மையத்தை ஒட்டி 5 சென்டிமீட்டரில் வைத்தால் அதே காந்தம் முக்கால் கிலோவுக்கும் குறைவாகவே இழுக்கும். அங்கேயும் வெறும் பசையை நம்பாமல், எபாக்சி போட்டு அதன்மேல் ஒரு கிளாம்ப் கொடுத்துவிடுங்கள். சென்சாரின் வயர் பிளக் வயருக்குப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொருவர் கேள்வி: என்னிடம் ஃபார்மால் ஹெச் ட்ராக்டர் இருக்கிறது, நான்கு சிலிண்டர், மக்னீட்டோ. கவ்வும் மீட்டர் 1, 4ஆம் பிளக் வயர்களில் ஒழுங்காகக் காட்டுகிறது. 2, 3ஆம் வயர்களில் மாட்டினால் சுழியம். ஆனால் நான்கு பிளக்கிலும் பொறி நன்றாக அடிக்கிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரும் நலம், மக்னீட்டோவும் நலம். மக்னீட்டோவில் காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிச் சுருளைக் கடக்கின்றன. அதனால் ஒரு பொறி மைனஸ் என்றால் அடுத்த பொறி ப்ளஸ். உங்கள் எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஆகவே 1ஆம் 4ஆம் சிலிண்டர்களுக்கு ஒரு திசை, 3ஆம் 2ஆம் சிலிண்டர்களுக்கு எதிர்த்திசை. பேட்டரி வண்டிகளில் எல்லாப் பொறியும் ஒரே திசையில் வருவதால், ஒரு திசையை மட்டும் உணரும்படி சில கவ்விகளைச் செய்துவிடுகிறார்கள். கவ்வியின்மேல் அம்புக்குறி இருக்கும். அதைத் திருப்பி மாட்டினால் 2, 3லும் எண் வரும், 1, 4இல் போய்விடும். ஏதாவது ஒரு வயரில் காட்டினாலே போதும். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கு நான்குக்கும் பொதுதான். ஹெச்சுக்கு முழுச்சுமை வேகம் 1650. சும்மா ஓடும்போது 1800ஐச் சற்றுத் தாண்டினால் பயப்படாதீர்கள்.